‘டு’ போடவா, ‘இங்’ போடவா?

போன ஆடி மாதம் நாச்சியார்கோயில் தம்பி ஒருவர் என் ஆங்கில வகுப்புக்கு அரை மணி நேரம் பிந்தி வந்தார். பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைக்காரர். அப்பா காலத்தில் கடைத்தெரு வியாபாரம்தான்; இவர் தலையெடுத்த பிறகு வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கும் பார்சல் போகிறது. உட்காரும் முன்பே போனை நீட்டி, “மிஸ், இதுல என்ன தப்பு?” என்று கேட்டார்.

சிங்கப்பூரில் இருக்கும் ஓர் அம்மா, விளக்கு அனுப்பியாச்சா என்று கேட்டிருக்கிறார். இவர் அனுப்பிவிட்டார். கும்பகோணத்தில் கூரியரில் போட்ட கிழமைகூட நினைவிருக்கிறது. அதனால் இப்படி ஒரு பதில்: ‘ஐ ரிமெம்பர் டு சென்ட் தி பார்சல்.’ அந்த அம்மா ‘ஓகே, நோ ஹரி’ என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். பத்து நாள் கழித்து, இன்னுமா அனுப்பவில்லை என்று சூடாக ஒரு செய்தி. பார்சல் அங்கே போய், முகவரியில் வீட்டு எண் இல்லாமல் ஏதோ ஒரு கிடங்கில் கிடந்திருக்கிறது. விசாரித்திருந்தால் மறுநாளே கைக்கு வந்திருக்கும். அனுப்பவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர் எதற்கு விசாரிக்கப்போகிறார்?

‘ரிமெம்பர் டு சென்ட்’ என்றால், அனுப்பணும் என்பது ஞாபகத்தில் இருக்கிறது. ‘ரிமெம்பர் சென்டிங்’ என்றால், அனுப்பினது ஞாபகத்தில் இருக்கிறது. வினைச்சொல் ஒன்றேதான். பின்னால் ஒட்டுவது மாறினால் பார்சல் கூரியரில் இருக்கிறதா பட்டறையில் இருக்கிறதா என்பதே மாறிவிடுகிறது.

தம்பியைத் தமிழில் கேட்டேன்: “அனுப்பணும்னு ஞாபகமா, அனுப்பினது ஞாபகமா?” அரை நொடி யோசிக்கவில்லை. “அனுப்பினது மிஸ்.” வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் அதைத் தவறவிட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

வகுப்பில் அடிக்கடி வரும் கேள்வி இது. செவிலியர் வேலைக்கு வெளிநாடு போகக் காத்திருக்கும் பெண்களும் கேட்கிறார்கள், வங்கித் தேர்வு எழுதுகிறவர்களும் கேட்கிறார்கள்: இங்கே ‘டு’ போடணுமா, ‘இங்’ போடணுமா? இலக்கணப் புத்தகம் முதலாவதை இன்ஃபினிட்டிவ் என்றும் இரண்டாவதை ஜெரண்ட் என்றும் சொல்லி, ஆளுக்கு ஒரு நீளப் பட்டியலைக் கையில் கொடுக்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் பேசும்போது நடுவில் நின்று பட்டியலைத் தேடுவதைத்தான் பார்க்கிறேன். தமிழய்யா சொல்லிக்கொடுத்த தொழிற்பெயரும் (போவது, போனது) ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சமும் (போக, பார்க்க) இந்த இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட சகோதரர்கள். முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து, அதன் வால் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள் என்பதுதான் என் கட்சி. அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான்கு அளவுகோல் வைத்திருக்கிறேன்.

முன்னால் நிற்கும் சொல் எதைக் கேட்கிறது என்பது ஒன்று. இதில் நம் விருப்பத்துக்கு இடமில்லை. ‘வான்ட்’ வந்தால் டு. ‘என்ஜாய்’ வந்தால் இங். ஏன் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை.

இரண்டும் போடலாம் என்றால், அர்த்தம் மாறுகிறதா? இது இரண்டாவது.

தப்பினால் என்ன நஷ்டம்? இது மூன்றாவது, புத்தகங்கள் கண்டுகொள்ளாத ஒன்று. ‘ஐ என்ஜாய் டு குக்’ என்று சொன்னால் கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். சொன்னவருக்கு இது தாய்மொழி இல்லை என்பது மட்டும் தெரியும். ‘ரிமெம்பர் டு சென்ட்’ அப்படியில்லை; கேட்பவர் தப்பாகப் புரிந்துகொள்கிறார், தப்பாகப் புரிந்துகொண்டது அவருக்கும் தெரியாது. உழைப்பை முதலில் இங்கேதான் போட வேண்டும். அது பத்துச் சொல்லுக்குள் அடங்கிவிடும்.

நாலாவது காது. மற்ற மூன்றும் ஒத்துப்போன பிறகு எது இயல்பாக ஒலிக்கிறது என்று பார்ப்பது.

## ‘டு’ எடுத்தால்

இந்த ‘டு’ ஆதியில் திசை காட்டும் சொல். ‘டு கும்பகோணம்’ என்னும்போது வருகிறதே, அதேதான். நம் ‘கு’ உருபின் வேலை. அதனால் இனிமேல் நடக்க வேண்டியதை நோக்கிக் கை நீட்டும் வினைகளுக்குப் பின்னால் இது வரும்: வான்ட், ஹோப், பிளான், டிசைட், பிராமிஸ், அக்ரீ, ரெஃப்யூஸ், அஃபோர்ட், மேனேஜ், லேர்ன். போக ஆசை, வாங்க மறுத்தார், ஓட்டக் கற்றேன் என்று தமிழிலும் ‘செய’ வாய்பாடு வந்து நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு டு போடலாம்.

இரண்டு இடத்தில் மட்டும் தமிழ் கொஞ்சம் இழுக்கும். ‘விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன்’, ‘வர்றதா வாக்குக் கொடுத்தார்’ என்றுதான் நம் வாயில் வருகிறது. அந்த ‘றது’வைக் கேட்டு, ‘டிசைடட் செல்லிங்’, ‘பிராமிஸ்டு கமிங்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘டிசைடட் டு செல்’, ‘பிராமிஸ்டு டு கம்’ என்பதுதான் சரி.

நோக்கத்தைச் சொல்லவும் டுதான். டெல்டாவில் நான் அதிகம் திருத்தும் பிழை இதுவே. ‘படிக்கிறதுக்கு வந்தேன்’ என்பது நம் பேச்சு. ‘றதுக்கு’ என்பதை அப்படியே தூக்கி வைத்தால் ‘ஐ கேம் ஃபார் ஸ்டடியிங்’ ஆகிவிடும். ஆங்கிலக் காதுக்கு அது இடறும். ‘ஐ கேம் டு ஸ்டடி’ போதும். ஆள் ஒரு வேலைக்காகப் போனான், வந்தான் என்றால் டு. ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறது என்றால்தான் ‘ஃபார்’ போட்டு இங்: ‘எ நைஃப் ஃபார் கட்டிங் வாழை இலை’. அரிவாள்மனைக்கு ஃபார், ஆளுக்கு டு என்று வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறேன்.

டு எடுப்பதில் மறைந்திருக்கும் செலவு இரண்டு.

ஒன்று, கனம். வாக்கியத்தின் முதல் சொல்லாக டு வைத்தால் பழமொழி சொல்வது போல ஆகிவிடும். ‘டு ஸ்விம் இஸ் குட்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘ஸ்விம்மிங் இஸ் குட்’ என்பார்கள். கும்பகோணத்தில் படித்த கணித மேதை ராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம், ‘ஐ பெக் டு இன்ட்ரொட்யூஸ் மைசெல்ஃப்’ என்றுதான் தொடங்குகிறது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர், அந்தக் காலத்து மரியாதைப்படி எழுதினார். அது அன்றைக்குச் சரி. நூறு வருஷம் தாண்டியும் நம் ஊர் மனுக்களில் ‘ஐ பெக் டு ஸ்டேட்’ உயிரோடு இருக்கிறது! ‘ஐ ஆம் ரைட்டிங் டு ஆஸ்க்’ என்றால் இன்றைக்கு யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, வேஷம் போட்ட டு. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பதில் வரும் டு இந்தக் குடும்பமே இல்லை. அது ‘இன்’, ‘அட்’ போல வெறும் முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்). அதன் பின்னால் இங்தான் வரும்: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’. நாமோ ‘உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்’ என்போம். அந்தச் ‘சந்திக்க’ நம்மை ‘டு மீட்’ பக்கம் தள்ளிவிடும். இதற்கு ஒரு பொங்கல் சோதனை வைத்திருக்கிறேன். டுவுக்குப் பின்னால் பொங்கல் என்று போட்டுப் பாருங்கள். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு பொங்கல்’ நன்றாக நிற்கிறது. அப்படியானால் இங் போடு. ‘ஐ வான்ட் டு பொங்கல்’ நிற்கவில்லை. அப்படியானால் வினையை வெறுமனே போடு. ‘ஐ யூஸ்டு டு’வும் ‘ஐ ஆம் யூஸ்டு டு’வும் இந்தச் சோதனையில்தான் பிரியும். முன்பெல்லாம் விடிகாலையில் எழுந்திருப்பேன் என்றால் ‘ஐ யூஸ்டு டு கெட் அப் ஏர்லி’. விடிகாலையில் எழுந்து எனக்குப் பழகிவிட்டது என்றால் ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் ஏர்லி’. அக்ரீ போல ஓரிரண்டு மட்டும் சோதனையை ஏமாற்றும்: ‘அக்ரீட் டு தி பிரைஸ்’ என்றும் வரும், ‘அக்ரீட் டு பே’ என்றும் வரும்.

## ‘இங்’ எடுத்தால்

நடந்து முடிந்தது, நடந்துகொண்டிருப்பது, அனுபவித்தது, தவிர்த்தது, இதெல்லாம் இங் பக்கம்: என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், கீப், மிஸ், டினை, ப்ராக்டிஸ். தமிழில் ‘றதை’, ‘ததை’ என்று முடியும் இடங்கள். அது மட்டுமில்லை, ‘செய்து’ வாய்பாடும் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேர்கிறது. படிச்சு முடிச்சேன், ‘ஃபினிஷ்டு ரீடிங்’. பேசிக்கிட்டே இருந்தார், ‘கெப்ட் டாக்கிங்’. ஓட்டிப் பழகினேன், ‘ப்ராக்டிஸ்டு ரைடிங்’.

இன், அட், ஆஃப், ஃபார் போன்ற சிறு சொற்களுக்குப் பின்னால் இங் தவிர வேறு எதுவும் கிடையாது. ‘குட் அட் குக்கிங்’, ‘இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்’.

விளக்குத் தம்பிக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு பிரயோகம் உண்டு. விளக்கைத் தேய்க்கணும் என்பதை ‘தி லேம்ப் நீட்ஸ் பாலிஷிங்’ என்று சுருக்கமாக முடிக்கலாம். அவர் முன்பு ‘தி லேம்ப் நீட்ஸ் டு பாலிஷ்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். விளக்கே துணியை எடுத்துக்கொண்டு எதையோ தேய்க்கக் கிளம்பியது மாதிரி.

இங்கின் மறைந்த செலவு, சேர்ந்து வந்தால் நாராசம். ‘இட் இஸ் ஸ்டார்ட்டிங் ரெயினிங்’ என்று இரண்டு இங்கை அடுத்தடுத்து வைப்பதை ஆங்கிலம் பேசுகிறவர்கள் தவிர்ப்பார்கள். ஸ்டார்ட்டுக்கு இரண்டும் ஆகும் என்றாலும் இங்கே ‘ஸ்டார்ட்டிங் டு ரெயின்’தான். ‘மழை பெய்ய ஆரம்பிச்சிருச்சு’ என்ற நம் பேச்சும் அந்தப் பக்கமே சாய்கிறது.

‘லைக்’ விஷயத்தில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ‘லைக் குக்கிங்’, ‘லைக் டு குக்’ இரண்டும் ஓடும். பிரிட்டிஷ்காரர்கள் ரசித்துச் செய்வதற்கு இங் போட விரும்புவார்கள். அமெரிக்கர்களுக்கு டு சர்வசாதாரணம். ‘உட் லைக்’ என்று வந்தால் மட்டும் டு தவிர வேறில்லை.

## இரண்டையும் விட்டுவிட்டால்

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. சில சொற்கள் இரண்டில் எதையும் கேட்பதில்லை. சில இடத்தில் இரண்டையும் தவிர்ப்பது பாதுகாப்பு.

‘மேக்’, ‘லெட்’ இரண்டுக்கும் மொட்டை வினை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி, காயவைத்துக் கொண்டுவரச் சொன்னால், ‘தே மேட் அஸ் வெயிட்’. ‘காத்திருக்க வெச்சாங்க’ என்பதில் உள்ள ‘காத்திருக்க’ நம்மை ‘மேட் அஸ் டு வெயிட்’ என்று எழுதவைக்கும். ஆனால் ‘மேக்’கைச் செயப்பாட்டு வினையாக்கினால் டு திரும்பி வந்துவிடும்: ‘வி வேர் மேட் டு வெயிட்’. ஆங்கிலத்தின் குறும்பு இது. நாம் என்ன செய்ய?

‘சஜஸ்ட்’ இன்னொரு வில்லங்கம். ‘என்னைப் போகச் சொன்னார்’ என்பதால் ‘ஹி சஜஸ்டட் மீ டு கோ’ என்கிறோம். அது நிற்காது. ‘சஜஸ்டட் கோயிங்’ என்றால் யார் போவது என்பது தெளிவாக இல்லை. ‘ஹி சஜஸ்டட் தட் ஐ கோ’ என்று தனி வாக்கியமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. செலவு என்னவென்றால், எல்லாவற்றுக்கும் ‘தட்’ போட்டுத் தப்பித்தால் பேச்சு நீண்டு, அலுவலகக் கடிதம் படிப்பது போல ஆகும். சஜஸ்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## அர்த்தம் மாறும் இடங்கள்

பணமும் நேரமும் போகும் இடம் இதுதான். தமிழ் நன்றாகக் கைகொடுக்கும் இடமும் இதுதான்.

| தமிழில் | ஆங்கிலத்தில் | எது |
|---|---|---|
| காபி குடிக்க நிறுத்தினோம் | வி ஸ்டாப்டு டு ட்ரிங்க் காபி | டு |
| காபி குடிக்கிறதை நிறுத்திட்டோம் | வி ஸ்டாப்டு ட்ரிங்கிங் காபி | இங் |
| கதவைப் பூட்ட மறந்துட்டேன் | ஐ ஃபர்காட் டு லாக் தி டோர் | டு |
| பெரிய கோயிலை முதல்ல பார்த்ததை மறக்கவே மாட்டேன் | ஐ வில் நெவர் ஃபர்கெட் சீயிங் தி பிக் டெம்பிள் | இங் |
| பணம் வாங்க மறுத்தார் | ஹி ரெஃப்யூஸ்டு டு டேக் தி மணி | டு |
| பணம் வாங்கினதை மறுத்தார் | ஹி டினைட் டேக்கிங் தி மணி | இங் |
| தெரிவிக்க வருந்துகிறோம் | வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ | டு |
| வயலை வித்ததுக்கு வருத்தப்படறேன் | ஐ ரிக்ரெட் செல்லிங் தி லேண்ட் | இங் |

‘மறு’ என்ற ஒரே வினையை வால் மாற்றி நாம் இரண்டு வேலை வாங்குகிறோம். ஆங்கிலமோ அதற்கு இரண்டு தனிச்சொல் வைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் ‘ரெஃப்யூஸ்’, ‘டினை’ இரண்டையும் குழப்புவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வாலைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

‘ட்ரை’ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வலங்கைமான் பக்கத்திலிருந்து வரும் ஒரு விவசாயி வீட்டுப் பெண் வகுப்பில் சொன்ன உதாரணம். அதைவிட நல்லது இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வயலில் பம்ப்செட் தண்ணீர் எடுக்கவில்லை. ஃபுட்வால்வ் ஒழுகி, குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிவிட்டது. “அப்பா மோட்டாரைப் போடப் பார்த்தார், கரண்டு இல்லை. கரண்டு வந்ததும் தண்ணி ஊத்திப் பார்த்தார், அப்பவும் எடுக்கலை.”

போடப் பார்த்தார் என்றால், போட முயன்றார், முடியவில்லை: ‘ஹி ட்ரைடு டு ஸ்டார்ட் தி மோட்டார்’. ஊத்திப் பார்த்தார் என்றால், ஊற்றவே செய்தார். அதனால் பலன் உண்டா என்று பார்த்தார்: ‘ஹி ட்ரைடு போரிங் வாட்டர் இன்’. ‘செய்யப் பார்’ வந்தால் டு, ‘செய்து பார்’ வந்தால் இங். இத்தனை பொருத்தமாக வேறு எந்த விதியையும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தப் பெண் அதை விதியாக நினைத்துச் சொல்லவும் இல்லை. மோட்டார் கெட்டுப்போன கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தமிழ் கைவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘பார்க்கத் தகுந்த இடம்’ என்பதை நம்பி, ‘வொர்த் டு சீ’ என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லிவிடாதீர்கள். கல்லணையோ தாராசுரமோ, ‘வொர்த் சீயிங்’.

## யாருக்கு எது

நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு இங் மேல் கண் வேண்டும். அங்கே பேசுவதெல்லாம் ‘குட் அட்’, ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்ற சிறு சொற்களோடுதான். எதிர்காலத் திட்டம் கேட்டால் மட்டும் பிளான், ஹோப் என்று டுவுக்கு மாறிக்கொள்ளலாம்.

விண்ணப்பம் எழுதுகிறவர்கள் கடைசி வரியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: ‘லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’. மற்றதெல்லாம் சரியாக எழுதிவிட்டு இந்த வரியில் ‘டு ஹியர்’ போட்டவர்கள் என் வகுப்பிலேயே நிறையப் பேர்.

தேர்வு எழுதுகிறவர்கள் வேறு வழியில்லாமல் பட்டியல் படிக்கத்தான் வேண்டும். அங்கே அர்த்தம் புரிந்தது என்று யாரும் மதிப்பெண் தரமாட்டார்கள்.

சட்டென்று பேசும்போது எதுவும் தோன்றவில்லை என்றால்? முன்னால் இருப்பது வினைச்சொல்லாக இருந்தால், ரிமெம்பர், ஸ்டாப் போல அர்த்தம் மாறும் சொற்களைத் தவிர, நான் டு பக்கம் சாய்வேன். சிறு சொல்லாக இருந்தால் இங். சில சமயம் தப்பும். ‘என்ஜாய் டு குக்’ வகைத் தப்பாகத்தான் இருக்கும். யாருக்கும் பத்து நாள் வீணாகாது.

வாடிக்கையாளரோடு வாட்ஸப்பில் பேசுகிறவர்கள் ரிமெம்பர், ஃபர்கெட், ஸ்டாப், ட்ரை, ரிக்ரெட் ஐந்தையும் அனுப்பும் முன் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

நாச்சியார்கோயில் தம்பி இப்போது அப்படித்தான் செய்கிறார். சிங்கப்பூர் அம்மாவுக்கு விளக்கு கிடைத்துவிட்டது. போன வாரம் அது கறுக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். தம்பி போனைக் கையில் வைத்துக்கொண்டு, “புளி வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க... தேய்ச்சுப் பாருங்க...” என்று இரண்டு தரம் முணுமுணுத்தார். பிறகு தட்டினார்: ‘ட்ரை ரப்பிங் இட் வித் டாமரிண்ட்’. என்னிடம் காட்டாமலே அனுப்பிவிட்டார்.